முளைப்பாரியோடு போன பாசி

கோவில்பட்டி
22-4-84

என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் பூவனலிங்கம் அவர்கள் சமூகத்திற்கு, கருத்தையா எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் தங்கை வெயிலுகந்தம்மாளும் உயிரோடு இருக்கிறோம். அங்கு நீங்களும் அக்காவும் மருமகன் தங்கச்சாமியும் அம்பாசமுத்திரத்து வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீரில் குளித்துச் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மாட்டேன் என்கிறது பேனா.

உங்கள் மருமகள், என் மகள் ஆவுடைத்தாய், போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல், வாய்க்கால் சுவரில் இருந்த பாசியைக் கரண்டியால் சுரண்டி மண்சட்டிகளில் வைத்துப் பேருந்தில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தாளே, பாளையங்கோட்டையில் அவள் செய்யும் ஆராய்ச்சிக்கு, அந்தப் பாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தப் பாசியில் மயிரிழை போலக் காம்பு எழும்பும், அதன் நுனியில் பச்சைக் கடுகு மாதிரி ஓர் உறை இருக்கும், உறைக்குள்ளே தாய்ச் செல்கள், ஒவ்வொரு தாய்ச் செல்லும் நாலாகப் பிரிந்து நாலு ஸ்போர் ஆகும், அதுதான் பாசிக்கு விதை மாதிரி. பிரிவதற்கு முன்னால் செல்லுக்குள் இருக்கிற எலும்புக்கூடு என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. “பாசிக்கு எலும்புக்கூடாட்டி?” என்று கேட்டேன். “எலும்பு இல்லப்பா, இழை. கண்ணுக்கே தெரியாது. செல்லைத் தாங்குதது அதுதான். நடுவுல இருக்க உட்கரு பிரியுததுக்கு முன்னாடியே அந்த இழையெல்லாம் நாலு மூலைக்கும் போய் இடம் பிடிச்சிரும். பொறவுதான் பங்கு, பொறவுதான் சுவரு” என்றாள். மைத்துனரே, முப்பது வருஷம் சர்வேயராக இந்தக் கரிசக்காட்டில் சங்கிலி பிடித்து அலைந்தவன் நான். முதலில் நாலு மூலையும் குறி, பிறகு வரப்பு. இது தெரியாமல் எத்தனை அண்ணன் தம்பிகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்! கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு இந்த ஒழுங்கு இருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

அவள் மெட்ராஸில் பெரிய மைக்ராஸ்கோப் பார்க்கப் போகும்போது சட்டிகளை என் பொறுப்பில் விட்டுப் போனாள். வெயில் படக் கூடாது, ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும், உப்புத் தண்ணீர் ஆகாது, காலையும் மாலையும் நல்ல தண்ணீர் தெளிக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். இந்த ஊரில் நல்ல தண்ணீர் குழாயில் வருவது எப்போதாவது ஒரு நாள், அதற்கும் தெருவே குடத்தோடு மல்லுக்கு நிற்கும். எனக்குக் குடிக்க வைத்த தண்ணீரில்தான் பாதியைப் பாசிக்குக் கொடுத்தேன். “குடிக்கத் தண்ணியில்லாம நாக்கு வறளுது, நீங்க பாசிக்கு அபிசேகம் பண்ணுதீயளாக்கும்!” என்று உங்கள் தங்கை நாள் தவறாமல் பாட்டு. நான் காதில் வாங்கவில்லை. குளித்து, துவைத்த வேட்டி கட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இருட்டறைக்குள் போய் மெதுவாகத் தெளிப்பேன். பச்சை உறைகள் நிமிர்ந்து நின்றபோது எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா! அங்கேதான் சனி பிடித்தது. இருட்டறை, ஈரச்சாக்கு, மண்சட்டி, குளித்துவிட்டு வரும் ஆள். இதைப் பார்த்த தெரு என்ன நினைக்கும், நீங்களே சொல்லுங்கள். கருத்தையா அண்ணாச்சி நேர்ச்சை போட்டு அம்மனுக்கு முளைப்பாரி வளர்க்கிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. எனக்கு மட்டும் தெரியாது.

போன புதன்கிழமை தெரு அம்மன் கோயில் பொங்கல். அன்றைக்குப் பார்த்து, யாரோ இரண்டு பங்காளிகளின் வரப்புச் சண்டைக்குப் பழைய சர்வேயர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று என்னை ஓட்டப்பிடாரம் கூட்டிப் போய்விட்டார்கள். இங்கே முளைப்பாரிக்குப் பொறுப்பான சந்தனமாரி ஊறப்போட்ட பயறெல்லாம் முளைக்காமல் அழுகிப்போய்விட்டதாம். பாரி இல்லாமல் அம்மன் எப்படிப் புறப்படும்? குலவை போட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சந்தனமாரி சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன மதினி, வளத்தியே இல்லியே?” என்று கேட்டிருக்கிறாள். உங்கள் தங்கைக்கு அது பாசி என்று தெரியும், மைத்துனரே, நன்றாகத் தெரியும்! தெரிந்தும் சொல்லியிருக்கிறாள்: “மழை இல்லாத வருசத்துல இம்புட்டுத்தான் வளரும், எடுத்துட்டுப் போங்க.” ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், “அம்மனுக்குன்னு வந்து நிக்கும்போது இல்லேன்னு எப்படிச் சொல்லுவேன்?” என்று என்னையே கேட்கிறாள்.

நான் பேருந்தை விட்டு இறங்கும்போது எதிரே கொட்டு வருகிறது. முதல் வரிசையில் சந்தனமாரி தலையில் என் மகள் தகரத்தில் பெயர் எழுதிக் குத்திவைத்த சட்டி! நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். “ஏ தாயி, இறக்கு! அதுக்குள்ள செல்லு இருக்கு! இன்னும் நாலாப் பிரியல!” என்று கத்தினேன். கூட்டத்தில் எவனோ, “சர்வேயர் அண்ணாச்சிக்குச் சாமி வந்துட்டு டோய்!” என்றான். அவ்வளவுதான். என் இடுப்பை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள், நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள், தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். “நாலாப் பிரியலங்குதாவ, யாரு வீட்டுச் சொத்துன்னு கேளுங்க!” என்று ஒருத்தி குறி கேட்கிறாள். நான் அழுதேன். அழுதால் சாமி உக்கிரமாக இருக்கிறது என்று இன்னொரு குடம் ஊற்றினார்கள். என் கண் முன்னாலேயே கண்மாயில் மிச்சம் கிடந்த முழங்கால் தண்ணீரில் எல்லாச் சட்டிகளையும் கரைத்துவிட்டார்கள்.

இதுவாவது பரவாயில்லை. அன்றைக்குச் சாயங்காலமே மழை கொட்டிவிட்டது. வருஷக்கணக்காக இல்லாத கோடை மழை. இனிமேல் நான் யாரிடம் போய் முறையிட? தெருவில் போனால் சந்தனமாரி என்னைக் கும்பிடுகிறாள். தீப்பெட்டி ஆபீஸில் வெயிலுக்கு வைத்த குச்சியெல்லாம் நனைந்துபோனவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். எவனும் பாசியைப் பற்றிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆவுடை வருகிறாள். ஆடிக்குள் ஆராய்ச்சியை முடிக்காவிட்டால் ஆவணியில் உங்கள் மகன் தங்கச்சாமிக்குக் கழுத்தை நீட்டுவது என்று தாயும் மகளும் பேசி வைத்திருக்கிறார்கள். தங்கச்சாமி தங்கமான பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிப்பு பாதியில் போய், தோற்றுப்போன முகத்தோடு என் பிள்ளை மணையில் உட்காருவதை என்னால் பார்க்க முடியாது. அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அதே வாய்க்கால் சுவரில், அதே பச்சை உறைகள் இருக்கிற பாசியாகப் பார்த்து, ஈரத்துணியில் சுற்றி யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள். காய்ந்து பழுப்பானது வேண்டாம், அதில் பங்கு பிரிந்து முடிந்திருக்கும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். மருமகன் தங்கச்சாமிக்கு என் ஆசி, முகத்தை நேரில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவும். செண்பகவல்லியம்மன் உங்கள் வாய்க்காலில் என்றும் தண்ணீர் குறையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பாசியைப் பறிகொடுத்த
சு. கருத்தையா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஆவுடை வாசலில் வந்து நிற்கிறாள், சொன்ன நாளுக்கு முன்னாலேயே. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அவளுக்கு வேண்டிய உறைகளையெல்லாம் போவதற்கு முன்னாலேயே பறித்து, மருந்துப் புட்டியில் போட்டுக் கையோடு கொண்டுபோய்விட்டாளாம். மெட்ராஸில் எடுத்த போட்டோவைக் காட்டினாள். நடுவில் உட்கரு இன்னும் பிரியவே இல்லை, இழைகள் மட்டும் நாலு மூலைக்கும் போய் நிற்கின்றன. சுத்தமான அளவு, மைத்துனரே, நான் கையெழுத்தே போட்டுக் கொடுப்பேன். ஆராய்ச்சி முடிந்த மாதிரிதானாம். “அப்போ அந்தச் சட்டியெல்லாம் எதுக்குட்டி?” என்று கேட்டேன். “உங்களுக்குத்தாம்ப்பா. ரிட்டயர் ஆனதுலேருந்து சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தீய. பாசி வந்த பொறவுதான் காலையில எந்திரிச்சுக் குளிச்சீய” என்றாள். ஆகவே பாசி அனுப்ப வேண்டாம். ஆவணி முகூர்த்தமும் இப்போதைக்கு வேண்டாம். ஆனாலும் ஒரு சட்டிப் பாசி மட்டும் அனுப்பிவையுங்கள். இன்று காலையும் குளித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, அந்த அறைக்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். உங்கள் தங்கை கேட்டால் முளைப்பாரி என்றே சொல்லிக்கொள்கிறேன்.