நானா, அந்த அர்ஜென்டினாக்காரனா?

விறகை நெருப்பு தின்பதுபோலப் பொறாமை நம் நன்மைகளைத் தின்றுவிடும் என்று பள்ளிவாசல் பயானில் எத்தனையோ முறை கேட்டவன் நான். அப்படியிருந்தும், துபாயில் ஒரு வருடம் தொழுததையெல்லாம் ஓர் அர்ஜென்டினாக்காரனுக்காக எரித்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் மத்தியாஸ். ஹோட்டலில் இறைச்சி சுடுகிறவன். அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். டூட்டி முடிந்து கீழக்கரையிலிருக்கும் என் மனைவி ஜெய்னம்புவுக்கு நான் வீடியோ கால் போடும் அதே ஆறு மணிக்கு அவன் கித்தாரை எடுப்பான். ஆணும் பெண்ணும் கைக்குட்டையைச் சுழற்றி ஆடுகிற, அவர்கள் ஊர்க் காதல் பாட்டு.

"மச்சான், செத்த வாயை மூடுங்களேன். அந்த மனுசன் பாடட்டும்" என்றாள் ஜெய்னம்பு.

(நான் பேசுவதற்காக அவள் இதுவரை யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை.)

மறுநாள் "சாப்ட்டீங்களா"வுக்கு முன்னால் "பாட்டு ஆரம்பிச்சிருச்சா" வந்தது. நேரே மத்தியாஸிடம் போனேன். "பாய், இனிமே ஆறு மணிக்குப் பாட்டு மாஃபி, கிடையாது."

அவன் முகம் வாடிவிட்டது. சமையல்காரர்களிடம் பழகிய இந்தியில் சொன்னான்: "அப்பதான் ஊர்ல என் பெண்டாட்டிக்கு வேலையில பிரேக், பாய். போன்ல பாடலேன்னா, நீ துபாய்க்காரனாயிட்டே, நம்ம ஊர் ஆளே இல்லேன்னு அழுவா."

வேறு யாராக இருந்தாலும் நெஞ்சு இளகியிருக்கும். எனக்கு இன்னும் கொதித்தது. அவன் மனைவிக்குப் பாட்டு. என் மனைவிக்கு, இன்றைக்குச் சோற்றுக்கு என்ன ஆணம் என்ற விசாரணை! "கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் ஆறு மணிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கால் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது. நெட் சரியில்லை என்று நினைத்தேன்.

"பாட்டு எங்க மச்சான்?"

"நானே பாடுறேன், கேளு!"

எனக்குத் தெரிந்தது கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் பாடுகிற பைத்து ஒன்றுதான். கைலியை மடித்துக் கட்டி, துண்டைச் சுழற்றி, நானே மாப்பிள்ளை, நானே ஊர்வலம் என்று ஆடித் தீர்த்தேன். கடைசியில் மண்டியிட்டுக் கேட்டேன்: "இப்பச் சொல்லு ஜெய்னம்பு. நானா, அவனா?"

"அவன்தான்!" என்று பத்துப் பதினைந்து குரல்கள்.

மத்தியாஸின் பாட்டைக் கேட்கத் தெருப் பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். அன்னிய ஆணான எனக்கு முகம் தெரியக்கூடாதென்று கேமராவை மட்டும் முந்தானையால் மூடியிருக்கிறார்கள்.

"மருமவனே, துண்டைக் கீழ போடுங்க. கண்ணுல பட்டுறப் போவுது" என்றது மாமியின் குரல்.

பலகையைத் தட்டினேன். "பாய், யல்லா, பாடு."

இப்போதும் எங்கள் வீட்டில் கறியா, மீனா என்று கேட்பதற்குக்கூட யாராவது மண்டியிட்டு, "நானா, அவனா?" என்பார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஜெய்னம்பு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.