தலையாலங்கானத்தில் ஏழு பேர்

"சேரன் வலப்பக்கம் நிக்கலைன்னா, சேரன் போருக்கே வரமாட்டான்" என்று சொல்லி, சிவசண்முகம் தம் யானைகளை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அம்பலவாணனுக்கு வியர்த்தது. பாளையங்கோட்டை வீட்டின் மாடி அறையை முழுதாய் அடைத்துக் கிடந்த அந்த மேசையில், தலையாலங்கானத்துப் போர் தொடங்கவேண்டிய நேரம் அது. விரலளவு வீரர்கள், அவரே வண்ணம் தீட்டிய குதிரைகள், தேர்கள், களிறுகள். ஒருபுறம் பாண்டியன் நெடுஞ்செழியன். மறுபுறம் சேரன், சோழன், வேளிர் ஐவர். பகடை உருட்டி, நாடாவால் அளந்து படை நகர்த்தும் விளையாட்டு.

வரலாற்றில் அன்று வென்றவன் பாண்டியன். "எழுவரும் ஒன்றுபட்டு நின்றிருந்தால் பாண்டியன் புறமுதுகு காட்டியிருப்பான்! வீழ்த்தியது வேலன்று, வேற்றுமை!" என்று மேடைதோறும் முழங்கியவர் அம்பலவாணன். கேட்டுக் கேட்டுச் சலித்த மனைவி பிரம்மநாயகி, சென்ற வாரம் அவரை மடக்கினாள்.

"அதை மேசையில காட்டுங்க. ஜெயிச்சா மேசை இங்கனயே இருக்கட்டும். தோத்தா மேசை வெளிய, ரூம் எனக்கு."

யோகா ஆசிரியர் பயிற்சி முடித்து வந்தவள் அவள். வகுப்பு நடத்த இடமில்லாமல், மொட்டைமாடி வெயிலை அளந்துகொண்டிருந்தாள். பெண்ணுக்குச் சரிபாதி உரிமை கேட்டு ஊரை அதிரவைத்த அம்பலவாணன், வீட்டில் ஓர் அறை என்றதும் தொண்டையைச் செருமினார்.

பாண்டியனாக அவளே ஆடுவதென்றும், எதிரணிக்கு அவர் தலைமைத் தளபதி என்றும் முடிவாயிற்று. ஏழு அரசர்களுக்கும் ஏழு ஆட்களை அவரே தேடித் திரட்டினார். மூத்த சகோதரியின் கணவர் சிவசண்முகம்தான் சேரன்.

"அத்தான், இது விளையாட்டு!"

"விளையாட்டுன்னா மரியாதை இல்லாமப் போயிருமா மச்சான்? இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளைய இடப்பக்கம் ஓரமா நிப்பாட்டுதிய!"

சோழன், தூத்துக்குடித் துறைமுகத்தில் பணிபுரியும் நண்பர் கபிரியேல். அவர் சிரித்தார். "அம்புட்டுத் தூரத்துல இருந்து பஸ் ஏறி வந்திருக்கேன். விருந்தாளிய ஓரத்துல தள்ளுதது எந்த ஊரு வழக்கம் வே?"

அம்பலவாணன் வழி கண்டார். சேரனும் சோழனும் அருகருகே நடுவில் நிற்கட்டும். வேளிர் ஐவரும் பின்வரிசைக்குப் போகட்டும். சிவசண்முகத்தின் சட்டைப்பையிலிருந்து யானைகள் மேசைக்குத் திரும்பின.

வேள் எழினியாக வந்திருந்தவர், தெருக்கோடியில் வசிக்கும் தலைமையாசிரியை ஞானம்பாள். தம் குதிரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார்.

"என்ன டீச்சர் இது?"

"ரெண்டாம் பந்தியில உக்காந்து எங்களுக்குப் பழக்கமில்ல சார். குதிரைக்கும் பழக்கமில்ல."

வேளிரில் வேறு மூவராக வந்திருந்த எதிர்வீட்டுப் பரமசிவனும் அவர் மகன்கள் இருவரும், தங்கள் குதிரைகளையும் திருப்பினார்கள்.

"சரி! வரிசையே வேண்டாம். வயதில் மூத்தவர் முதலில் நகர்த்தட்டும்!"

முதலிடத்துக்கு முட்டிக்கொண்டவர்கள் இப்போது கடைசி இடத்துக்கு முந்தினார்கள்.

"எனக்குப் பித்த நரை மச்சான். வயசு ஒண்ணும் அவ்வளவு இல்ல" என்றார் சிவசண்முகம்.

"வயசைச் சொல்லித்தான் குதிரைய நகத்தணும்னா, அது அங்கனயே நிக்கட்டும்" என்றார் ஞானம்பாள்.

இதற்குள் பிரம்மநாயகி தேநீரை உறிஞ்சியபடி, தன் முறை வந்ததும் பாண்டியனின் களிறுகளைப் பைய இரண்டு சாண் முன்னால் தள்ளியிருந்தாள்.

அம்பலவாணன் திருவுளச்சீட்டுப் போட்டார். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் ஃபர்ஹத்தின் பெயர் வந்தது. அவர் பொதிகை மலைத் தலைவன் திதியன். அவருடைய குதிரைகளோ சேரனின் யானைகளுக்குப் பின்னால் நின்றன.

"யானையக் கொஞ்சம் ஒதுக்குதியளா அண்ணாச்சி?" என்று கேட்டார் ஃபர்ஹத்.

"பொதிகைமலைக்காரனுக்காகச் சேரன் ஒதுங்கவா? சுத்திப் போகச் சொல்லும் வே!"

"சுத்தினா என் தேர்மேலதான் ஏறணும், ஏறிப் பாக்கட்டும்!" என்றார் கபிரியேல்.

பொறுத்துப் பார்த்த அம்பலவாணன், இறுதியாகத் தம் கைகண்ட கருவியை எடுத்தார். நாற்காலியின்மேல் ஏறி நின்றார்.

"மன்னர்களே! வலப்பக்கம் உனக்கு, இடப்பக்கம் எனக்கு என்று பங்கு போட்ட கைகள், பகைவனுக்கு மட்டும் பாதையைத் திறந்து விட்டன! முதல் மரியாதை கேட்ட நாடுகளெல்லாம் கடைசியில் கைகட்டி நின்றன! இனியேனும் ஒரே அணி, ஒரே அடி..."

குரல் சுவரில் மோதித் திரும்பியது. எழுவரும் கைதட்டினார்கள். பரமசிவன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"ஏங்க" என்று பிரம்மநாயகி மேசையோரத்து மணல் கடிகாரத்தைக் காட்டினாள். "உங்க முறை முடிஞ்சிட்டு."

ஒவ்வொரு முறைக்கும் நேரம் வகுத்து விதி எழுதியவர் அவரேதான். பாண்டியனின் களிறுகள் தடுப்பாரின்றிப் பாசறைக்குள் புகுந்தன. எழுவர் கொடியும் சாய்ந்தது.

அம்பலவாணன் நாற்காலியிலிருந்து இறங்கினார். சொன்ன சொல்லை மீறும் மனிதரல்லர் அவர். ஆணியில் தொங்கிய மாடி அறைச் சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

"சாயங்காலம் மேசையக் கழத்திருதேன். தரையையும் நானே கழுவித் தாரேன்."

பிரம்மநாயகி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "வீரர்களை எறிஞ்சிராதீங்க. கீழ ஹால்ல கண்ணாடி அலமாரி வாங்கி அடுக்குவோம்" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் தேநீர் எடுத்துவரப் படியிறங்கினாள்.

அம்பலவாணன் எழுவர் பக்கம் திரும்பினார்.

"ரூம் போனதுல வருத்தமில்லை. ஒரு பொழுது, ஒரே ஒரு பொழுது நீங்க ஏழு பேரும் ஒத்துமையா நின்னிருக்கக் கூடாதா?"

எழுவரும் குனிந்து, சாய்ந்த கொடிகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஃபர்ஹத்துக்குத்தான் மனம் கேட்கவில்லை. அருகில் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"யாரு நிக்கல அண்ணாச்சி? அக்காகிட்ட யோகா கிளாஸுக்குப் பேரு குடுத்த ஏழு பேரும் முந்தாநாளே போன்ல கூடிப் பேசி, ஒத்துமையாத்தான தோத்தோம்!"