நாலு பக்கமும் இரண்டு மீட்டர்

சிடோஅர்ஜோ,
சனிக்கிழமை, காலை ஒன்பது மணி

பெருமதிப்பிற்குரிய பஸ்கோரோ அண்ணன் அவர்களுக்கு,

தங்கை வித்யாஸ்துதி பணிவுடன் எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே நான் நலம். அங்கே தாங்களும் அண்ணியும், நாளை நிச்சயதார்த்தம் காணும் தங்கள் மகள் லாராஸும் நலமாயிருக்க வேண்டுகிறேன். செமாராங் வரும் எங்கள் லாரி ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

மூன்று மாதமாக ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காரணம் ஒரு குளிர்விக்கும் இயந்திரம். எங்கள் ஆலையில் பிளாஸ்டிக் கூடை வார்க்கும் இயந்திரங்களின் எண்ணெய்ச் சூட்டைத் தணிக்க இத்தனை வருடமும் கிணற்று நீரை இறைத்துச் சாக்கடையில் விட்டோம். மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களின் கிணறுகள் வற்றிக்கொண்டே வந்தன. ஒரே தண்ணீரைக் குழாய்க்குள்ளேயே சுற்றவிட்டு வெளிக்காற்றால் ஆறவைக்கும் இயந்திரத்தை வாங்கும்படி முதலாளி பாக் ஹாண்டோயோவிடம் நான்தான் வற்புறுத்தினேன். "வாங்கறேன். ஆனா மூணு நாள் நிக்காம ஓடிக் காட்டணும். நடுவுல நின்னா திருப்பி அனுப்பிட்டுப் பழைய கிணத்துக்கே போயிடுவேன்" என்றார். "நின்னா நானும் போயிடறேன்" என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்பது வயதில் இந்தப் பேச்சு தேவையில்லைதான். ராஜினாமாவை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இது திறந்தவெளியில் நிற்கவேண்டிய இயந்திரம். பக்கவாட்டில் காற்றை உறிஞ்சி, மேலே உள்ள ஆறு விசிறிகளால் சூடாக வெளியே தள்ளும். எனவே நாலு பக்கமும் இரண்டு மீட்டர் காலியாக இருக்கவேண்டும், தலைக்கு மேல் எதுவும் கூடாது என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எங்கள் மேஸ்திரி பாக் பரிமினுக்கு அதை இரண்டுமுறை படித்துக் காட்டினேன். பக்தியோடு தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இயந்திரத்துக்காகக் கட்டிய கான்கிரீட் மேடைக்கு மேல் பளபளவென்று ஒரு தகரக் கூரை.

"என்ன இது, பாக் பரிமின்?"

"புதுசாச்சே, இன்ஜினியரம்மா. மழையில நனையுமே."

"நனையறதுக்குத்தான் செஞ்சிருக்காங்க. அதுசரி, கூரை இருந்தா கிரேன் எப்படி மேலேயிருந்து இறக்கும்?"

கூரையை அண்ணாந்து பார்த்தார். "அத யோசிக்கலம்மா. பாசத்துல போட்டுட்டேன்."

கூரை போனது. கிரேன் வரும் நாளில், மழை பெய்தால் வேலை கெடும் என்று என்னைக் கேட்காமலே மழை நிறுத்துகிறவர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார்கள். விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு, குச்சிகளில் மிளகாயும் வெங்காயமும் குத்தி வைத்துவிட்டு, கிராம்புச் சுருட்டும் கையுமாக மேகத்தை அளந்துகொண்டிருந்தார் அந்தப் பெரியவர். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் அவர் வானம் நன்றாகத் தெரிகிறது என்று, அந்தரத்தில் தொங்கிய இரண்டு டன் இயந்திரத்துக்கு நேர் கீழே போய் நின்றபோது, நான் ஜாவா மொழியின் மரியாதைச் சொற்கள் அத்தனையும் மறந்து கத்தினேன். "ஐயா, மழைய அப்புறம் நிறுத்திக்கலாம், மொதல்ல நீங்க வெளிய வாங்க!" நிதானமாக நகர்ந்தார். மழை பெய்யவில்லை. பெய்யாதது அவரால்தான் என்கிறார்கள், நான் வாதாடவில்லை. கால்களுக்கடியில் ரப்பர் மெத்தை வைத்து, மட்டம் பார்த்து, போல்ட்டுகளை இறுக்கி, எதிர்த்திசையில் சுற்றிய ஒரு விசிறியின் மின்கம்பியை மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் முடித்தோம்.

அப்புறம்தான் கதையே. போன வாரத்திலிருந்து ஒத்திகை ஓட்டம். தினமும் காலை பத்தரைக்குச் சூடேறி நின்றுவிடும், சாயங்காலம் சமர்த்தாக ஓடும். பம்பைப் பார்த்தேன், வால்வைப் பார்த்தேன், வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். இந்தச் செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு, இயந்திரம் நிற்கும் பின்கட்டுக்கு நேரிலேயே போனேன் அண்ணா, போனா அங்க இயந்திரத்தையே காணோம்! நாலு பக்கமும் மூங்கில் தட்டுகள், மேலே கம்பு கட்டி அதுக்கு மேலயும் தட்டுகள், அத்தனையிலும் இறால் அப்பளம். மழைக்காலம், வெயில் இல்லை, இயந்திரக் காற்றில் காயவைக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கத்து அப்பளக்காரிகள் பூராவும் இங்கேதான். தலைவி யார்? நம்ம பரிமின் பெண்சாதி லஸ்மினி. பின்கதவுச் சாவி வேறு யாரிடம் இருக்கும்?

"இங்க எதுவும் வைக்கக்கூடாதுன்னு தெரியாதா, லஸ்மினி?"

"ரெண்டு மீட்டர் காலியா விடணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்களாம்? விட்டிருந்தாங்க. காலியா கெடந்துச்சு, வச்சோம்."

"காத்து போகத்தான் காலியா விட்டது!"

"போகுதே! சும்மா வானத்துக்குத்தானே போகுது, எங்க அப்பளம் வழியா போனா என்ன?"

"மெஷின் நின்னா, உங்க கெணத்துத் தண்ணிய மறுபடியும் நாங்க இறைப்போம்" என்றேன். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எங்க வீட்டு மனுஷன் பாசம், மழைன்னு ஏதோ ஒளறினாரு" என்று லஸ்மினியே முதல் தட்டைத் தூக்கினாள்.

புதன் நண்பகலுக்குத் தொடங்கிய ஓட்டம் இந்த நிமிடம் வரை நிற்கவில்லை. அறுபத்தொன்பது மணிநேரம் ஆயிற்று, இன்னும் மூன்றே மணிநேரம். வேலை பிழைத்தது, கிணறுகளும் பிழைத்தன. முதலாளி குதூகலமாகிப் பதினோரு மணிக்குத் திறப்புவிழா வைத்துவிட்டார். விழா உடையான கெபாயா உடுத்தி வரச் சொன்னதால் வீட்டுக்குக் கிளம்புகிறேன். இன்று மாலை ரயிலில் கட்டாயம் புறப்பட்டு நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிடுகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். லாராஸ் மனம்போல வாழ்க்கை அமையட்டும். தங்கள் மூட்டுவலி குறைய இங்கிருந்தே துஆ செய்கிறேன்.

என்றும் தங்கள் அன்புத் தங்கை,
வித்யாஸ்துதி

பின்குறிப்பு: லாரி இன்னும் கிளம்பவில்லை. முதலாளியின் நண்பர்கள், உறவினர்கள், சரக்கு வாங்குகிறவர்கள் எல்லோருமாக வாழ்த்துப் பூப்பலகைகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் வாசற்கதவு அகலம், மொத்தம் பதினேழு. புகைப்படத்தில் எல்லார் பெயரும் தெரியவேண்டும் என்று, நான் வீட்டிலிருந்து திரும்புவதற்குள் முதலாளியே நின்று இயந்திரத்தைச் சுற்றி இடைவெளியின்றி அடுக்கி, காற்றுக்குச் சாயாமல் கம்பியால் கட்டவும் வைத்திருக்கிறார். பதினொன்று நாற்பதுக்கு அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விசிறிகள் நின்றன. நான் ராஜினாமாவை எடுத்து நீட்டினேன். வாங்கினார், பலகைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என் மச்சான் பேரு போட்டதை மட்டும் மெதுவா இறக்குங்க, அவன் பார்த்துக்கிட்டிருக்கான்" என்று மைக்கை வைத்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியாயிற்று. செவ்வாய்க்கிழமை வரை இதை விட்டு ஒரு அடி நகரமாட்டேன். லாராஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அண்ணா.