ரூபிகாவின் ஆறு அலுமினியத் துண்டுகளும் என் பொலிஷும்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சவுந்தரநாயகம் அத்தானுக்கு,

நாங்கள் நலம். உங்கள் முழங்காலும் அக்காவின் பிரஷரும் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும் என நம்புகிறேன். போன ஞாயிறு நீங்கள் லண்டனிலிருந்து எடுத்து, "ரூபிகா என்னதான் ஆராய்ச்சி செய்யிறாள்?" என்று கேட்டபோது, சிக்னல் இல்லையென்று போனை வைத்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. பதில்தான் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. கடிதமாகவே தருகிறேன், இதில் நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது.

அலுமினியக் கலவையின் மேல் சின்ன உருக்குக் குண்டுகளை மழையாக அடித்தால், மேற்பரப்பின் உலோக மணிகள் ரவை மாவாவதுபோலப் பொடிந்து, நனோ அளவுக்கு வந்து, தோல் இறுகிவிடும். சூடேறினால் மாவு திரும்ப ரவையாகிவிடும், தோலும் இளகிவிடும். எத்தனை பாகை வரை தாங்கும் என்பதுதான் மகளின் கேள்வி. ஆறு துண்டுகளை, நூறு பாகையிலிருந்து ஐம்பது ஐம்பதாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் ஒரு மணித்தியாலம் சூடாக்கி, மறுநாள் கம்பஸ் ஆய்வுகூடத்தில் அளப்பதற்காக வீட்டு மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். நான் ஓ.எல். சோதனை தாண்டாதவன், ஆனால் இருபத்தெட்டு வருஷமாகக் காலி வீதியில் சட்டி விற்கிறவன், மங்கின அலுமினியத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது, பிள்ளை இந்த மங்கல் சாமானோடு பேராசிரியர் முன்னால் போய் நிற்பதா என்று நினைத்து, கடைக்குக் கொண்டுபோய்ப் பொலிஷ் மெஷினில் பிடித்து, ஆறிலும் முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கி, வரிசை மாறாமல் திருப்பி வைத்தேன்.

"அப்பா, இதுகளை என்ன செய்தனீங்கள்?"

"பாத்தியே, புதுச் சட்டி மாதிரி."

"அந்தத் தோல் தலைமயிர் தடிப்புக்கூட இல்லை, முழுக்கத் தேய்ச்சுப் போட்டியள். அதுதான் அப்பா என்ர ரெண்டு வருஷம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எப்படியும் சமாளித்திருப்பேன். ஆய்வைக் கொடுக்க இருந்தது மூன்று வாரம். திரும்பச் செய்ய ஆறு மாதம். மேற்படிப்புக்கு ஜெர்மனியில் கிடைத்த இடம் அதுவரை காத்திராது.

குற்றத்தை ஒப்புக்கொள்ள நானே கம்பஸுக்குப் போனேன். பேராசிரியர் ஸஹாப்தீன் ஏசவில்லை.

"மெஷின்ல புடிக்கக்குள்ள எல்லாம் ஒரே மாதிரியா இருந்திச்சா?"

"இல்லை சேர். முதல் மூண்டும் முரண்டு பிடிச்சது. மிச்சம் மூண்டும் தண்ணியில சவுக்காரம் மாதிரிக் கரைஞ்சு போச்சுது."

அவர் அலுமாரியைத் திறந்தார். சூடாக்கிய அன்றே ஒவ்வொரு துண்டிலும் ஒரு சீவல் வெட்டி வைத்திருந்தார்கள். ரூபிகா பதட்டத்தில் அதை மறந்துவிட்டாள். பின்னேரம்வரை அளந்தார்கள். இருநூறு பாகை வரை தோல் அசையவில்லை, இருநூற்றைம்பதில் போய்விட்டது. மூன்று உறுதி, மூன்று இளக்கம்.

"உங்கட கை எங்கட மெஷின முந்திட்டு," என்றார் பேராசிரியர்.

ஆய்வின் நன்றிப் பக்கத்தில் நவரத்தினம் என்ற பெயர் ஏறுகிறது, அத்தான். முன்னொருமுறை 'சட்டியில என்னடா ஆராய்ச்சி' என்று கேட்டவர் நீங்கள். பக்கத்தின் பிரதி ஒன்று அனுப்பிவைக்கிறேன், சட்டம் போட்டு மாட்டுங்கள்.

பிள்ளை ஜெர்மனிக்குப் போகிற வழியில் உங்களிடம் இறங்குவாள். வயிறு நிறையச் சோறு போட்டு அனுப்புங்கள். உங்கள் இருவருக்கும் குளிர் காய்ச்சல் இல்லாத மாரிகாலம் கிடைக்கட்டும்.

அன்பு மைத்துனன்,
நவரத்தினம்

பி.கு.: அக்காவுக்கு இதற்கு மேல் வாசித்துக் காட்ட வேண்டாம். முதல் மூன்று துண்டையும் தேய்ந்துபோன துணிச் சக்கரத்தில் பிடித்தேன். நாலாவதற்குப் புதுச் சக்கரம் மாட்டினேன், அது எதையும் கரைக்கும். கம்பஸ் மெஷின் அளந்தது சரி, என் கைதான் பொய். பேராசிரியர் கையைப் புகழ்ந்தபோது உண்மை தொண்டைவரை வந்தது. ரூபிகா தன் கூட்டாளிமாரிடம் "இதுதான் என்ர அப்பா" என்று என்னைக் காட்டிக்கொண்டு நின்றாள். விழுங்கிவிட்டேன்.