கிணற்றடிக் கேட்வே தெரிவுக்குழுவின் பதினோராவது கூட்டம்

நாடாளுமன்றங்கள் கூடியிருக்கின்றன, கலைந்தும் இருக்கின்றன. ஆனால் பெருவிரல் அளவு மின்சில்லு ஒன்றைத் தெரிவுசெய்வதற்காகப் பதினான்கு மாதம் கூடி, ஒருமுறையேனும் ஒரு முடிவுக்கு வந்து தன் மாண்பைக் கெடுத்துக்கொள்ளாத சபை உலகத்திலேயே ஒன்றுதான். அது யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில், எட்வேர்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

எட்வேர்ட் முப்பத்தொரு வருடம் அரச அலுவலகம் ஒன்றில் பிரதம லிகிதர், அதாவது தலைமை எழுத்தர். இருபத்திரண்டு வருடம் தேவாலயச் செயற்குழுவின் செயலாளர். கூட்டக்குறிப்பில் ஏறாத காரியம் நடக்கவே இல்லை என்பது அவருடைய கொள்கை. தம்முடைய கலியாணத்தைக்கூட, "பெரியப்பா முன்மொழிந்தார், போதகர் வழிமொழிந்தார்" என்றுதான் சொல்லுவார். அப்படி வழிமொழியப்பட்டவள்தான் பியாட்றிஸ்.

வீட்டுக்குப் பின்னால் பியாட்றிஸின் முந்திரிகைப் பந்தல். புத்தகங்களில் அதைத் திராட்சை என்று எழுதுவார்கள். இருபத்தாறு கொடி. கிணற்று மோட்டார்தான் அதற்குத் தண்ணீர் இறைக்கிறது. கோடையில் கிணறு கீழே இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் உள்ளே கம்பிச்சுற்று எரிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை எரிந்துவிட்டது. அதனால் தினமும் பின்னேரம் பியாட்றிஸ் வீங்கிய முழங்காலோடு ஒரு மணித்தியாலம் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி நிற்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அற்புதராணி அதைக் கண்டு பதறி, வேலி பாய்ந்து வந்து, "பிள்ளையள் இருக்கினம், அவசரப்படாதையுங்கோ அக்கா!" என்று இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டாள்.

இந்தச் சீரழிவைக் கேள்விப்பட்டுத்தான் பியாட்றிஸின் தமையன் மகன் ஜெனுஷன் வந்தான். சந்தியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான். கிணற்றுக்குள் தண்ணீர் மட்டம் அளக்கும் சென்சர் ஒன்றைத் தொங்கவிட்டான். அது சொல்வதைக் கம்பியில்லாமல் வாங்கி, கைத்தொலைபேசிக்கு அறிவித்து, தண்ணீர் வற்றினால் மோட்டாரையும் நிறுத்துகிற நடுவாளாக ஒரு சின்னப் போர்டை மேசையில் வைத்தான். அந்த நடுவாளுக்குப் பெயர் கேட்வே. பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் பியாட்றிஸின் கைத்தொலைபேசி கீச்சிட்டது: 'தண்ணீர் பன்னிரண்டு அடி.' அவளுக்கு முழங்கால் நோவே பறந்துவிட்டது.

அப்போதுதான் எட்வேர்ட் உள்ளே வந்தார்.

"உதை ஆர் தெரிவுசெய்தது?"

"நான்தான் மாமா. ஈ.எஸ்.பி. முப்பத்திரண்டு எண்டு சொல்லுறது. கடையிலை கிடந்தது."

"கிடந்ததெண்டால் தெரிவாகிப் போச்சோ? வேறை என்னென்ன போர்ட்டுகளைப் பரிசீலிச்சனீ?"

"இது வேலை செய்யுது மாமா."

"வேலை செய்யிறது ஒரு தகைமை இல்லையடா. நான் முப்பத்தொரு வருஷம் கந்தோரிலை இருந்தனான், எனக்குத் தெரியாதோ?"

போர்ட் கழற்றப்பட்டது. காக்கி உறையில் இட்டு, அரக்கு முத்திரை குத்தி, 'மாதிரி இல. 1' என்று எழுதி, அலுமாரிக்குள் குடும்ப வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார் எட்வேர்ட். அன்றைக்கே தெரிவுக்குழு உதயமானது. தலைவர் எட்வேர்ட், ஏகமனதாக. செயலாளர் பியாட்றிஸ், கையெழுத்து அழகென்பதால். உறுப்பினர் ஜெனுஷன். வெளிநாட்டுப் பிரதிநிதி நோர்வேயில் இருக்கும் மகன் ஜெனிஸ். அவன் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசிக்குள் இருந்து பங்குபற்றுவான்.

ஒவ்வொரு கூட்டமும் ஞானம் வேண்டி ஜெபத்தோடு ஆரம்பமாகும். ஞானம் மட்டும் இன்னும் சமுகமளிக்கவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் ஜெனிஸ் ஒரு குண்டைப் போட்டான். "அப்பா, லோரா எண்டு ஒரு ரேடியோ இருக்கு. சிக்னல் பத்துக் கிலோமீற்றர் எட்டும்."

"தம்பி, கிணறு வீட்டிலையிருந்து அறுபது அடியிலை கிடக்கு," என்றாள் பியாட்றிஸ்.

"இண்டைக்கு அறுபது அடி," என்றார் தலைவர். "நாளைக்கு?"

அந்தத் தூரநோக்கைச் சபை ஏற்றுக்கொண்டது. கிணறு இடம்பெயரக்கூடிய சாத்தியம் கூட்டக்குறிப்பில் ஏறியது.

ஐந்தாவது கூட்டத்தில் போர்ட்டுக்குக் கம்பி பொருத்த எத்தனை கால் வேண்டும் என்று ஆராய்ந்தார்கள். ஜெனுஷன் மூன்று கால் போதும் என்றான். முப்பத்தெட்டுக்குக் குறையக் கூடாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். மிச்சம் முப்பத்தைந்தும் பேரப்பிள்ளைகளுக்கு. ஏழாவது கூட்டத்தில் பைக்கோ டபிள்யூ என்ற போர்ட் 'கொள்கையளவில்' தெரிவானது. உடனே ஜெனிஸ், அதற்குப் பிறகு பைக்கோ இரண்டு வந்துவிட்டது என்றான். ஒப்பீட்டு அட்டவணை பத்தொன்பது பக்கமும் திரும்ப எழுதப்பட்டது. எழுதியவள் செயலாளர். ஒன்பதாவது கூட்டத்தில் அடுத்த வருடம் இன்னும் திறமான சில்லு வரப்போவதாகத் தகவல் கிடைத்தது.

"பொறுத்தார் பூமியாள்வார்," என்றார் தலைவர்.

"ஆளுறவை ஆளட்டும். என்ரை முந்திரிகை காயுது," என்றாள் செயலாளர். அது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

இப்படியாக ஆவணி மாதமும் பதினோராவது கூட்டமும் வந்தன. பந்தல் முழுக்கக் குலை. அறுவடை விழாவுக்குப் பத்து நாள். மூன்று கூடை தருவதாகத் தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தாள் பியாட்றிஸ். வாழ்நாளில் அவள் ஒரு சபையில் எழுந்து நின்று சொன்ன ஒரே வார்த்தை அது.

"இஞ்சருங்கோ, கூட்டத்தை ஆறு மணிக்கு வையுங்கோவன். நாலு மணிக்கு நான் தண்ணி விடவேணும். கிணத்தடியிலை நிக்கவேணும்."

"நீர் இல்லாமல் குறிப்பு ஆர் எழுதுறது? நீர் கிணத்தடியிலை நிக்கக் கூடாதெண்டுதானே நாங்கள் கூடுறம்!"

கொடி ஒருநாள்கூடப் பொறுக்காது. அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு, இருபது நிமிடத்தில் நழுவிவிடலாம் என்று வந்து உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்தது. பத்தாவது கூட்டத்தின் குறிப்பு பதினேழு பக்கம். அதையும் அவளே வாசிக்க வேண்டும். பதினோராவது பக்கத்தில் மோட்டாரின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிள்ளையின் இருமலைப்போலப் பழக்கம். கையை உயர்த்தினாள்.

"தலைவர் அவர்களே, மோட்டார் தண்ணி இல்லாமல் வெறுவாக்கிலை ஓடுது..."

"நிகழ்ச்சி நிரலிலை எத்தினையாவது?"

"நிரலிலை இல்லை."

"அப்ப 'வேறு விடயங்கள்.' கடைசியிலை எடுப்பம்."

ஜெனுஷன் பாதி எழும்பினான். "இரடா! நீ போனால் ஆள் எண்ணிக்கை காணாது, கூட்டம் செல்லாது!"

அப்போது சீனிப்போத்தலில் இருந்து குரல் வந்தது. "அப்பா, உங்களுக்குப் பின்னாலை யன்னலுக்கு வெளியிலை புகை தெரியுது."

"வெளிநாட்டுப் பிரதிநிதியின்ரை அவதானம் குறிப்பிலை ஏறட்டும்," என்றார் தலைவர்.

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியப் பழக்கம் பியாட்றிஸை இன்னும் இரண்டு நிமிடம் கதிரையில் பிடித்து வைத்திருந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. பிறகு கதிரை விழ எழும்பி, முழங்காலையும் மறந்து ஓடினாள். சுவிட்சை அணைத்தபோது அணைக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மோட்டார் எரிந்த நாற்றம் பந்தல் முழுக்க நின்றது.

"கம்பி சுத்தித் தர ஒரு கிழமைக்கு மேலை செல்லும் மாமி," என்றான் பின்னால் வந்த ஜெனுஷன். ஒரு கிழமை தண்ணீர் இல்லாமல் அந்தக் குலைகள் என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். பியாட்றிஸ் அழுதாள். அதுவும் நிரலில் இல்லை.

அழுது முடித்து, உள்ளே போய், அலுமாரியைத் திறந்து, அரக்கை உடைத்து, மாதிரி இல. ஒன்றை ஜெனுஷனின் கையில் வைத்தாள். அவன் அதை மாட்டினான். பதினான்கு மாதம் உறைக்குள் தூங்கிய போர்ட் ஒரு முறைப்பாடும் இல்லாமல் கண்ணைச் சிமிட்டியது. கைத்தொலைபேசி கீச்சிட்டது: 'தண்ணீர் அரை அடி. மோட்டார் நிறுத்தப்படுகிறது.'

எட்வேர்ட் கூட்டக்குறிப்புக் கொப்பியோடு மேசையில் காத்திருந்தார். "இதுக்கு உடனடி விசாரணை வேணும். மோட்டார் எரியேக்கை கிணத்தடியிலை ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் நிக்கேல்லை."

"ஏன் நிக்கேல்லை?"

"மோட்டார் எரியாமல் இருக்கிறதுக்குக் கூட்டத்திலை இருந்தனாங்கள்."

"நல்லது. கண்டறிந்ததை முறையா எழுதும்."

பியாட்றிஸ் எழுதினாள். முதன்முறையாக ஒருவரும் சொல்லாமல், தானாக எழுதினாள். ஜெனுஷனிடம் காட்டினாள், அவன் தலையாட்டினான். கைத்தொலைபேசியிடம் காட்டினாள், நோர்வேயும் தலையாட்டியது. பிறகு கொப்பியைத் தலைவர் பக்கம் தள்ளினாள்.

'எரிந்தவை: மோட்டார் ஒன்று, முந்திரிகை மூன்று கூடை. எரித்தவர்: தலைவர். முன்மொழிந்தவர்: பியாட்றிஸ். வழிமொழிந்தவர்: ஜெனுஷன். எதிர்ப்பு: இல்லை.'

எட்வேர்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இரண்டு தடவை வாசித்தார். திகதி சரி. முன்மொழிவு இருந்தது, வழிமொழிவும் இருந்தது. ஒழுங்கில் ஒரு குறையும் காணவில்லை.

கையெழுத்திட்டார்.