அத்தானின் என்ஜின் நலமாக இருக்கிறது

மரியாதைக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். உங்கள் வேனின் வெளிப்புறமும் ஏறக்குறைய நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், இதைப் படிக்கும்போது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து உட்கார்ந்துவிடுங்கள்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பிடிக்காத சேதி எதையாவது ஆரம்பித்தால் "இந்தா, உன் தம்பி பேசுறான்" என்று பாதியிலேயே அக்காவிடம் கொடுத்துவிடுவது உங்கள் வழக்கம். அக்காவிடம் ஒன்றை ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று நம் இருவருக்குமே தெரியும். அதனால்தான் எழுதி, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் நல்ல மனிதர், அவரிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம்.

புது வீட்டில் நிறுத்த இடமில்லை என்று உங்கள் வேனை எங்கள் கொட்டகையில் விட்டுப் போனபோது நீங்கள் சொன்னது இரண்டே விஷயம். செருப்புக் காலோடு யாரும் உள்ளே ஏறக் கூடாது. வாரம் தவறாமல் என்ஜினைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். இரண்டையும் நான் இன்றுவரை மீறவில்லை. வேனுக்குள் யாரும் ஏறுவதே இல்லை. என்ஜினையும் வாரம் தவறாமல் கிளப்புகிறேன். அது வேனுக்குள் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அத்தான், உட்காருங்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

மழையில் மலைப்பாதையின் நடுப்பகுதி சரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். இப்போது எங்கள் வீட்டிலிருந்து கீழ்ச்சாலைக்கு இறங்குவது பாதை இல்லை, பாறையும் சேறும் கலந்த ஒரு சரிவு. அப்பாவோ வாரம் இரண்டு தடவை கீழே ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அவருடைய சிறுநீரகங்களும் அவரைப் போலவே ஓய்வு பெற்றுவிட்டன, ஆனால் அவரைப் போல அரைகுறையாக இல்லாமல் முழுசாக. பாதை போன வாரம் அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்து அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒருவருக்குக் கால் சறுக்கி நாற்காலி சாய்ந்தது. அப்பா விழவில்லை, அவர் மானம்தான் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் சொல்லிவிட்டார்: "நாலு பேரு தூக்குறது மனுஷனுக்கு ஒரு தடவைதான்டா. அதுக்கு வாரம் ரெண்டு ஒத்திகை எதுக்கு? இனிமே நான் வரல." சொன்னபடியே அடுத்த தடவை போகவில்லை. கால் வீங்கியது, முகம் உப்பியது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தே தூங்கினார். நான் கெஞ்சினேன், உங்கள் தங்கச்சி (என் மனைவிதான்) அழுதாள். "வண்டி வாசலுக்கு வரட்டும், ஏறி உட்காருறேன்" என்பது ஒன்றுதான் பதில். அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? மகளைக் கேட்டு வந்த அன்றைக்கே உங்களை மழையில் நிற்க வைத்துப் பேசிய மனிதர்.

சரி, வண்டிதானே என்று உங்கள் வேனையே எடுத்துப் பார்த்தேன் (வெறுங்காலோடுதான்). முதல் பள்ளத்திலேயே அதன் வயிறு பாறையில் குந்திக்கொண்டது, சக்கரங்கள் காற்றில் சுற்றின. கீறலைப் பற்றி நேரில் பேசுவோம். அதை இழுத்து வெளியே எடுத்தவர் அடுத்த தெரு மெக்கானிக். எந்த வேலையை முடித்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு "கச்சிதம்" என்பாரே, அவர்தான். இப்போது எல்லோரும் அவரைக் கச்சிதம் என்றே கூப்பிடுகிறார்கள். பாதை போனதால் அவருக்கு வேலை இல்லை, கை நமநமவென்று இருந்திருக்கிறது. அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு பழைய ஜீப் கிடந்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம். ஆனால் என்ஜின் துருப்பிடித்து இறுகிவிட்டது, அதற்குள் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கச்சிதம் அந்த ஜீப்பைப் பார்த்தார், உங்கள் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்குக் கால் இருக்கு. இதுக்கு இதயம் இருக்கு. நீங்க சரின்னா மாத்திடலாம்." நான் சரி என்று சொல்லவில்லை அத்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீடு வரை வந்தும் அவர் அதையே சொல்ல, அப்பா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குக் கிட்னி மாத்த முடியாது, வயசாகிடுச்சுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. ஜீப்புக்கு மாத்துறாங்க பாரு. கொடுத்து வெச்ச ஜீப்பு" என்றார். அதற்கு மேல் நான் எப்படி வேண்டாம் என்பது?

குழாய் மூன்றை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக் மாட்டி என்ஜினைத் தூக்கினோம். பாரம் இறங்கியதும் உங்கள் வேன் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது, பார்க்கவே பாவமாக இருந்தது. ஜீப்புக்குள் இறக்கியபோதுதான் உயரம் அதிகம் என்று தெரிந்தது. பானெட்டில் ஓட்டை போட்டோம். ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் உங்கள் தங்கச்சியின் பெரிய குண்டானைக் கவிழ்த்து வெல்டிங் வைத்தார்கள். அவள் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. கியர் கம்பி நடு இடத்துக்கு வராமல் பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கு நடுவில் முளைத்தது. ஸ்டீயரிங் தண்டு சைலன்சர் குழாயில் இடித்தது, குழாயை வளைத்தால் ரேடியேட்டரில் இடித்தது, ரேடியேட்டரை நகர்த்தினால் விளக்கு வெளியே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கச்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு "கச்சிதம்" என்றார். கடைசியாக, பாறை தட்டாமல் வண்டி உயரமாக நிற்கட்டும் என்று முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார். அப்பாவின் மூச்சு வாங்கும் சத்தம் ஒர்க்‌ஷாப் வரைக்கும் கேட்பது போலவே எனக்கு இருந்தது, அதனால் எதையும் ஏன் என்று கேட்கவில்லை.

சாவியைத் திருப்பியதும் உங்கள் என்ஜின் ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது. அதைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். முதல் கியர் போட்டுக் கிளச்சை விட்டேன். வண்டி பின்னால் பாய்ந்து கச்சிதத்தின் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது. பதறிப்போய் ரிவர்ஸ் போட்டேன். வண்டி முன்னால் போனது; போகும்போது, நீங்கள் வேனில் ஆசையாக மாட்டி வைத்து, கியர் பெட்டியோடு ஜீப்புக்கு வந்துவிட்ட அந்தப் பெண் குரல் "வண்டி பின்னால் வருகிறது, தயவுசெய்து விலகவும்" என்று கத்திக்கொண்டே வந்தது. நாங்கள் இருவரும் இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பிறகுதான் கச்சிதத்துக்கு விளங்கியது. அச்சைத் தலைகீழாகப் போட்டால் சக்கரமும் தலைகீழாகத்தான் சுற்றுமாம். அதாவது அத்தான், உங்கள் என்ஜின் பூட்டிய ஜீப்புக்கு முன்னால் போக ஒரே கியர், பின்னால் போக ஐந்து கியர்.

அந்த ஒரே கியரிலாவது மெதுவாகப் போய்ச் சேரலாம் என்று பார்த்தேன். சோதனைக்கு மேட்டில் ஏற்றியபோது அதன் பல்லெல்லாம் உதிர்ந்துவிட்டது. அன்றோடு அந்தப் பெண் குரலும் ஓய்ந்தது. அச்சைக் கழற்றித் திருப்பிப் போடலாம் என்றார் கச்சிதம். அதற்கு நாளாகும். அப்பாவின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. நான் ஜீப்பை அப்படியே பின்புறமாக ஓட்டி, முற்றத்தில் ஒரு வட்டம் அடித்து, வீட்டைப் பார்த்தபடி வாசலில் நிறுத்தினேன்.

அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். குண்டானைத் தட்டிப் பார்த்தார். "இதுல முன்பக்கம் எதுடா?" என்றார். சொன்னேன். ஏறி, கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து உட்கார்ந்தார். நான் கழுத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு பின்புறமாகவே சரிவில் இறக்கினேன். தூக்கிப் போன அதே நாலு பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே நடந்து வந்தார்கள். உங்கள் என்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. பாதி இறக்கத்தில் அப்பா வாயைத் திறந்தார். "எத்தனை வருஷமா இந்த வீட்டுக்கு முதுகைக் காட்டியே கிளம்பிப் போயிருக்கேன். இன்னிக்குத்தான் பார்த்துக்கிட்டே போறேன். நல்ல வீடுடா." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து வழி தெரியவில்லை அத்தான். நான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லா நடையும் இப்படித்தான். இறங்குவதும் பின்புறமாக, ஏறுவதும் பின்புறமாக. என் கழுத்து வலது பக்கமே திரும்பி நிற்கிறது. உங்கள் தங்கச்சி என்னோடு பேச வேண்டுமென்றால் அந்தப் பக்கம் வந்து நின்று பேசுகிறாள். அதனால் என்ன? அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். டாக்டரே ஆச்சரியப்படுகிறார். அக்கா கவலைப்பட ஒன்றுமே இல்லை. முழங்கால் வலியோடு அவள் இந்தச் சரிவில் ஏறி வர வேண்டாம். பாதை போட்டு முடிக்கட்டும், பிறகு சாவகாசமாக வரலாம். அதற்குள் உங்கள் என்ஜினை வேனுக்குள் பழையபடி உட்கார வைத்துவிடுகிறேன், கச்சிதமாக.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்களுக்குக் கோபம் ஆறியதும் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை நம்பி வாழும் மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் அப்பா கூப்பிட்டார். "ஒரு என்ஜினை எடுத்ததுக்கு இவ்ளோ தாளா? படி பார்க்கலாம்." படித்தேன். குண்டான் வந்த இடத்தில் சிரித்தார். "நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார்" என்று படித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். "அது எந்த அப்பாடா?" என்றார்.

அத்தான், அவரைப் பற்றி மேலே நலம் என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். போன தடவை டயாலிசிஸ் நடக்கும்போதே இதயம் தடுமாறிப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் இவர் உடம்பு தாங்காது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். "உன்னைத் தனியா கூப்பிட்டப்பவே தெரியும். நல்ல சேதிக்கு யார்டா தனியா கூப்பிடுவாங்க?" என்கிறார். "மாப்பிள்ளைக்கு எழுது. ஒத்திகை எல்லாம் முடிஞ்சுது, என் மகளைச் சீக்கிரம் கூட்டிட்டு வரச் சொல்லு."

அக்காவிடம் இதைப் போனில் சொல்ல எனக்குக் குரல் வராது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள். கீழ்ச்சாலையில் காத்திருப்பேன். ஜீப் உங்களை நோக்கிப் பின்புறமாக வரும், பயப்பட வேண்டாம். செருப்போடே ஏறலாம்.

என்ஜினை மட்டும் உடனே கேட்காதீர்கள் அத்தான். இன்னும் ஒரே ஒரு இறக்கத்துக்கு அது வேண்டும். அந்த ஒரு தடவைகூட நாலு பேர் தூக்க வேண்டாமாம். வீட்டைப் பார்த்துக்கொண்டே போகிறாராம்.