திருவாளர் தவராசா எங்கே?

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. பஸ்ஸில் வழியை மறித்து நிற்பவரிடம் "கொஞ்சம் விலகுங்கள்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி, நடந்து திரும்பி வந்தவன். இப்படிப்பட்டவனுக்கு எந்த மொழியிலும் ஒரு சொல் போதும். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல் 'யா'. ஆமாம் என்று அர்த்தம். யார் எதைக் கேட்டாலும் 'யா' சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், பேச்சு முடிந்துவிடும். அந்த ஒற்றைச் சொல்லை வைத்து சுவிஸில் இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். மூன்றாவது வருடம் அது என்னைக் கொண்டுபோய் வரி அலுவலகத்தின் வாங்கில் உட்கார்த்தியது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பேர்னில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எனக்கு, பீல் நகரத்தில் மணிக்கூட்டு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள், அலுவலகப் பெண்மணி ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். நான் வழக்கம்போல யா, யா. நடுவில் அவர் பேனாவை நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்தார். மணிக்கூட்டு வேலையல்லவா, கை நடுங்குகிறதா என்று பரிசோதிக்கிறார் என நினைத்தேன். பத்து விரல்களையும் விரித்து நீட்டி, உள்ளங்கையையும் திருப்பிக் காட்டினேன். (ஒரு விரல்கூட ஆடவில்லை. அவ்வளவு பெருமை எனக்கு.) அவர் சிரித்தபடி ஏதோ கேட்டார். "யா," என்றேன். படிவத்தில் ஒரு புள்ளடி விழுந்தது.

அவர் தேடியது நடுக்கத்தை அல்ல, மோதிரத்தை. எங்கள் ஆட்களில் கலியாணத்தின் அடையாளம் பெண்ணின் கழுத்தில்தான் இருக்கும். ஆணின் விரலைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இது எனக்கு அன்று தோன்றவில்லை.

மாத முடிவில் சம்பளத் துண்டு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிடுவார்கள். எவ்வளவு பிடிப்பது என்பதற்கு ஓர் எழுத்து உண்டு. தனி ஆளுக்கு ஏ, குடும்பக்காரருக்கு பி. நான் அந்தத் துண்டை மேல்மாடியில் இருந்த நேசன் அண்ணையிடம் கொடுத்தேன். எங்களுக்கு முன்னரே வந்தவர், ஜெர்மன் கதைப்பார், எவர் வீட்டுக் கடிதத்தையும் உரக்கத்தான் வாசிப்பார்.

"தம்பி, உனக்கு ஏ எல்லோ போட்டிருக்கு. நீ கலியாணம் கட்டாத ஆள் எண்டு சொல்லியிருக்கிறாய்."

என் மனைவி மலர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்றாள். கலியாணமாகிச் சில மாதங்களிலேயே நான் புறப்பட்டு வந்துவிட்டேன். அவள் சுவிஸுக்கு என் பின்னால் தனியாக வந்து சேர்ந்து நான்கு மாதம்தான்.

"பழைய இடத்தில என்ன எழுத்து அண்ணை?" என்று கேட்டாள்.

"அங்கை பி தங்கச்சி. இஞ்ச வந்துதான் ஏ."

கோப்பையை மேசையில் வைத்த சத்தத்திலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இஞ்சருங்கோ. அந்த வேலையிடத்தில பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம்," என்றேன். (யா சொல்லிப் பழகிய வாய்.)

அவள் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

தொழிற்சாலையில், எழுத்தை மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்றார்கள். வரி அலுவலகத்துக்கு மனைவியோடும் அத்தாட்சியோடும் போகவேண்டும். கலியாணப் பதிவுப் பத்திரம் ஊரில், மாமனாரின் அலுமாரியில். அங்கிருந்து கடிதம் வருவதே சண்டை நிற்பதையும் தொடங்குவதையும் பொறுத்தது. கையில் இருந்தது ஒரேயொரு கலியாணப் படம். அதில் நான் தலைப்பாகையும் சால்வையுமாக ஏதோ நாட்டு ராசா மாதிரி இருப்பேன். மலர் முழுநேரமும் குனிந்தபடி இருந்ததால் அவளின் வகிடு மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருக்கும்.

மேற்பார்வையாளரிடம் ஒரு காலை விடுப்புக் கேட்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் அவரே, "உனக்கு என்ன வேண்டும், ஏன் என் பின்னால் வருகிறாய்?" என்று கேட்டார். அப்படித்தான் விடுப்புக் கிடைத்தது.

வரி அலுவலகத்தில் இருந்தவர் கம்பளிச் சட்டை போட்ட, அமைதியான மனிதர். மேசையில் பென்சில்கள் உயரப்படி அடுக்கியிருந்தன. படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் படத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரின் அகதி விண்ணப்ப அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கேதான் வினை தொடங்கியது.

என் அட்டையில் குடும்பப் பெயர் நாகலிங்கம். அது என் அப்பா. மலரின் அட்டையில் குடும்பப் பெயர் தவராசா. அது நான். எங்கள் வழக்கத்தில் பிள்ளைக்கு அப்பாவின் பெயர், மனைவிக்குக் கணவனின் பெயர். எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அவருக்கோ, இந்தப் பெண்ணின் கணவர் தவராசா என்ற ஒருவர், பக்கத்தில் நிற்பது நாகலிங்கம் என்ற இன்னொருவர்.

"திருவாளர் தவராசா எங்கே?" என்று கேட்டார்.

எங்களோடு வந்திருந்த நேசன் அண்ணை மொழிபெயர்த்து, என்னைக் காட்டி விளக்கினார். அதிகாரி தலையை ஆட்டினார். முதற்பெயரை யாரும் குடும்பப் பெயராக வைப்பதில்லை என்றார். ஒருவேளை இது அண்ணன் தங்கையோ, ஒருவேளை வேறொருவரின் மனைவியோ. பென்சிலை எடுத்து ஒரு கோப்பில் ஏதோ குறித்தார்.

வரி எழுத்து ஏயாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. கலியாணத்தில் பொய் சொன்னவர்கள் என்று ஒரு கோப்பில் ஏறிவிட்டால், ஊரில் நடந்ததாக நாங்கள் சொன்னதை எவர் நம்புவார்? திருப்பி அனுப்புவதற்கு அந்த ஒரு வரி போதாதா?

"நீங்கள் வெளியே இருங்கள்," என்றார் அதிகாரி. "நான் இந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்கிறேன்."

வெளியே வாங்கில் இரண்டு கிழவிகளும் நாயோடு ஒருவரும் இருந்தார்கள். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. உள்ளே கேட்டது எல்லாம் எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, உங்கட முழுப் பேர் என்ன எண்டு கேக்கிறார்."

"மலர்."

"முழுப் பேர்."

அவளின் முழுப் பெயரில் நான் இருக்கிறேனே! கணவன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று அவளின் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் என் மனைவியால் தன் பெயரையே சொல்ல முடியவில்லை.

"சரி, புருசன்ர பேர் என்னவாம்?"

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

"நான் சொல்லக்கூடாதாம். நீங்கள்தான் சொல்லவேணுமாம்."

"அவர் வெளியிலதானே இருக்கிறார். கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்கோ."

அதிகாரியின் குரல் இன்னும் மெதுவானது. எனக்கு அது கோபத்தைவிடப் பயமாக இருந்தது. தன் கணவரின் பெயர் தெரியாத மனைவியை அவர் இதற்கு முன்னர் கண்டிருக்கமாட்டார். நிலைமையைக் காப்பாற்ற நினைத்து நேசன் அண்ணை ஜெர்மன் மொழியில் நீளமாக ஏதோ விளக்கினார். என்ன சொன்னார் என்பதைப் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். "இவ அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அந்த ஆள் செத்துப்போவார்."

நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. கதவிடுக்கால் பார்த்தேன். அதிகாரி தொலைபேசியைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ தங்கச்சி," அண்ணையின் குரல் உடைந்தது, "மனுசன் பொலிசுக்கு அடிக்கப்போறார். ஆரோ உங்களை வெருட்டி வைச்சிருக்கினம் எண்டு நினைக்கிறார். ஒருக்காச் சொல்லுங்கோ, கும்பிடுறன்!"

அதற்குப் பிறகு நான் கேட்ட சத்தத்தை இன்றுவரை மறக்கவில்லை. மூன்று நாள் கதைக்காத கோபமும், ஏ எழுத்தும், பயமும் எல்லாம் சேர்ந்து வந்த சத்தம்.

"தவராசா!"

நாய் குரைத்தது. நான் என்ன செய்தேன்? பெரிய மனிதனைப் போல நடந்து உள்ளே போயிருக்கலாம். செய்யவில்லை. பத்தாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடம் எங்கிருந்தோ கால்களுக்குள் புகுந்துவிட்டது. துள்ளி எழுந்து, கைகளை விலாவோடு ஒட்டி, அந்தக் கட்டடம் முழுதும் கேட்கும்படி கத்தினேன்:

"பிரசன்ற் சேர்!"

வாழ்க்கையில் நான் பொது இடத்தில் சத்தம்போட்டது அந்த ஒரு தடவைதான். ஒரு கிழவியின் கைப்பை கீழே விழுந்தது.

கதவு திறந்தது. கையில் தொலைபேசியோடு அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இன்னும் விறைத்தபடியே நின்றேன். உள்ளே மலர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். தலைப்பின் ஓரத்தால் நான் உயிரோடு நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு மீண்டும் அழுதாள்.

அதிகாரி தொலைபேசியை மெதுவாக வைத்தார். "நல்லது," என்றார். "திருவாளர் தவராசா கிடைத்துவிட்டார்."

அழிப்பானை எடுத்துக் கோப்பில் குறித்ததை அழித்தார். பத்திரம் ஊரிலிருந்து வந்ததும் காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு பி எழுத்தைப் போட்டுத் தந்தார். போகும்போது என் கையைக் குலுக்கி, உடம்பு சுகம்தானே என்று கேட்டார். "யா," என்றேன். அந்த ஒரு தடவை கேள்வி விளங்கித்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே மலர் ஒரு மோதிரம் வாங்கி என் விரலில் மாட்டினாள். அதோடு வேலைக்குப் போனேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் மோதிரம் போடக்கூடாது என்று மேற்பார்வையாளர் கழற்றச் சொல்லிவிட்டார்.

இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தொலைக்காட்சியைப் பார்த்தபடி நான் சாப்பிட வராமல் இருந்தால், மலர் நாலைந்து தடவை "இஞ்சருங்கோ" என்று கூப்பிடுவாள். மகள் பொறுமை இழந்து, "அம்மா, அந்த வரி ஒஃபிஸ் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, துள்ளி எழும்புவார்," என்பாள்.

மலர் சம்மதிப்பதே இல்லை. என் தலையைக் காட்டி ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"வேண்டாம் பிள்ளை. ஒருக்காச் சொன்னதுக்கே அவ்வளவு மயிரும் கொட்டிப்போச்சு."